வேட்டை மீன்களின் கூட்டுக் குடித்தனம்

வேட்டையாடி உண்ணும் பெரிய நன்னீர் மீன்களைப் பல இனங்களாகச் சேர்த்து வீட்டுத் தொட்டியில் வளர்க்கும் வழக்கத்துக்கு ஏறத்தாழ 60 வயதுதான் ஆகிறது. வீட்டு மீன் தொட்டி அதைவிட ஒரு நூற்றாண்டு மூத்தது. இடைப்பட்ட காலத்தில் ஆசைக்குக் குறைவில்லை. பெரிய மீனைத் தாங்கும் கண்ணாடித் தொட்டியும், அதைக் கண்டம் விட்டுக் கண்டம் உயிரோடு கொண்டுவரும் வழியும், அது வெளியேற்றும் கழிவைச் சமாளிக்கும் வடிகட்டியும்தான் இல்லை. மூன்றும் வந்து சேர்ந்த பிறகே எந்த மீனை எந்த மீனோடு விடலாம் என்ற கேள்விக்குத் தெளிவான பதில்கள் திரளத் தொடங்கின. அந்தப் பதில்களில் பெரும்பாலானவை ஆய்வுக்கூடங்களில் பிறந்தவை அல்ல. காலையில் எழுந்து பார்த்தால் தொட்டியில் ஒரு மீன் குறைந்திருக்கிறது என்ற அனுபவம் பல ஊர்களில் பல முறை நேர்ந்ததில் கிடைத்தவை.

1850இல் லண்டன் வேதியியலாளர் ராபர்ட் வாரிங்டன் 12 கேலன் கண்ணாடிக் கலம் ஒன்றில் இரண்டு தங்கமீன்கள், வேலம்பாசி போன்ற நீர்த்தாவரம், சில நத்தைகள் ஆகியவற்றை வைத்து, தண்ணீரை மாற்றாமலே அவை உயிர்வாழ்வதை வேதியியல் கழகத்துக்கு அறிவித்தார். 1853இல் லண்டன் ரீஜண்ட்ஸ் பார்க் விலங்குக் காட்சிசாலையில் மீன்களுக்கென்று தனிக் கட்டடம் திறக்கப்பட்டது. மறு ஆண்டு பிலிப் ஹென்றி காஸ் எழுதிய நூல் மீன் தொட்டியை நடுத்தர வர்க்க வீடுகளின் மோகமாக்கியது. அந்தத் தொட்டிகள் சிறியவை. இரும்புச் சட்டத்தில் கண்ணாடியைப் பதித்து மக்கு பூசி அடைத்திருப்பார்கள். சில பத்து லிட்டர் தண்ணீர் பிடிக்கும். அதில் விடப்பட்டவை உள்ளூர்க் குளத்திலும் ஓடையிலும் கிடைத்த சிறு மீன்கள். வேட்டை மீன் என்றால் பெர்ச், பைக் ஆகியவற்றின் குஞ்சுகள். அவை வளர்ந்ததும் தொட்டியில் இடம் போதாமல் போகும், அல்லது மற்ற மீன்கள் காணாமல் போகும்.

வேட்டை மீனும் இரை மீனும் ஒரே நீரில் எப்படி நடந்துகொள்கின்றன என்பதைப் பற்றிய முதல் புகழ்பெற்ற சான்று 1873இல் ஜெர்மனியிலிருந்து வந்தது. கீல் பல்கலைக்கழகத்தின் விலங்கியல் பேராசிரியர் கார்ல் மோபியஸ், பைக் மீன் ஒன்றைப் பற்றி எழுதினார். ஒரு கண்ணாடித் தடுப்பால் பிரிக்கப்பட்ட தொட்டியின் ஒரு பக்கம் பைக், மறு பக்கம் சிறு மீன்கள். பைக் பாய்ந்து பாய்ந்து கண்ணாடியில் மோதியது. சில முறை மயங்கிச் சாயும் அளவுக்கு மோதியது. மூன்று மாதம் இப்படிப் போனபின் பாய்வதை விட்டுவிட்டது. பிறகு தடுப்பை எடுத்தார்கள். பைக் அதே சிறு மீன்களின் நடுவே நீந்தியது, அவற்றைத் தொடவில்லை. ஆனால் புதிதாக விடப்பட்ட மீன்களை விழுங்கியது. சார்லஸ் டார்வின் மனிதனின் தோற்றம் பற்றிய தம் நூலின் இரண்டாம் பதிப்பில் (1874) விலங்குகளின் மனத்திறன் குறித்துப் பேசும்போது இந்தப் பைக்கை எடுத்துக்காட்டினார்.

உளவியல் நூல்கள் இந்தக் கதையை மீன் எவ்வளவு மெதுவாகக் கற்கிறது என்பதற்குச் சான்றாகவே பெரும்பாலும் சொல்லி வந்திருக்கின்றன. மீன் வளர்ப்பவர்களுக்கு அதைவிடப் பயனுள்ள செய்தி அதன் கடைசி வரியில் இருக்கிறது. பைக் சாதுவாகிவிடவில்லை, குறிப்பிட்ட சில மீன்களை மட்டும் இரைப் பட்டியலிலிருந்து நீக்கியிருந்தது. பெரிய வேட்டை மீன்களின் தொட்டியில் இன்றும் நடப்பது இதுவே. சிறு வயதிலிருந்து ஒன்றாக வளர்ந்த மீன்கள் ஒன்றையொன்று பொறுத்துக்கொள்ளும். அதே அளவுள்ள புது மீன் உள்ளே வந்தால் அன்றிரவே தாக்கப்படும். புது மீனைச் சேர்க்கும்போது தொட்டியில் உள்ள கல், கட்டை எல்லாவற்றையும் இடம் மாற்றிவைக்கும் வழக்கம் இதிலிருந்து வந்தது: பழைய மீனுக்கும் இடம் புதிதாகிவிட்டால் அதன் உரிமை உணர்வு சற்றுத் தளரும்.

20ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில் வெப்பமண்டல மீன்கள் ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் கப்பலில், தகரக் கலங்களில் போயின. பல வாரப் பயணம் என்பதால் சிறிய, உறுதியான மீன்களே பிழைத்தன. இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய விமானச் சரக்குப் போக்குவரத்தும், ஆக்சிஜன் நிரப்பிய பாலித்தீன் பையும் இந்த நிலையை மாற்றின. பிரேசிலின் மனாஸ், பெருவின் இக்கிட்டோஸ், கொலம்பியாவின் லெத்திசியா ஆகிய ஊர்களிலிருந்து அமேசான் மீன்கள் ஓரிரு நாளில் மியாமிக்குப் போய்ச் சேரத் தொடங்கின. 1960களில் சிலிக்கோன் பசை வந்ததும் சட்டமே இல்லாத கண்ணாடித் தொட்டிகள் சாத்தியமாயின. 6 அடி நீளம், 2 அடி அகலம், 2 அடி உயரம் கொண்ட தொட்டி ஏறத்தாழ 680 லிட்டர் பிடிக்கும். தண்ணீரின் எடை மட்டும் முக்கால் டன்னை நெருங்கும் என்பதால், அத்தகைய தொட்டிக்கு வீட்டின் தளம் தாங்குமா என்பதும் மீன் தேர்வோடு சேர்ந்த கேள்வியாயிற்று.

இந்தப் புதிய வசதியின் முதல் பெரிய பயனாளி ஆஸ்கர். லூயி அகாசிஸ் 1831இல் இதற்கு அறிவியல் பெயரிட்டபோது அட்லாண்டிக் கடலில் வாழ்வது என்று தவறாக எண்ணினார். உண்மையில் அது அமேசான் படுகையின் நன்னீர் மீன். கடையில் விற்கும்போது விரல் நீளம். ஓரிரு ஆண்டில் ஓர் அடி. வாலடியில் ஆரஞ்சு வளையம் இட்ட கண் போன்ற புள்ளி இருக்கும். அமெரிக்கச் சூழலியலாளர் கிர்க் வைன்மில்லர் 1990இல் வெளியிட்ட ஆய்வில், துடுப்பைக் கடிக்கும் பிரானாக்களை அந்தப் பொய்க்கண் திசைதிருப்புகிறது என்று விளக்கினார். வேட்டை மீன்களே ஒன்றுக்கொன்று அஞ்சி வாழும் நீரிலிருந்துதான் ஆஸ்கர் வருகிறது; கூட்டாளிகளை அது பொறுத்துக்கொள்ளவும் செய்யும். வளர்ப்பவரை அடையாளம் கண்டு கண்ணாடியருகே வரும் குணமும் சேர, பெரிய மீன் வளர்ப்பில் முதற்படியாக அது உலகெங்கும் நிலைபெற்றது. பிரானாவின் கதை வேறு. 1914இல் தியோடர் ரூஸ்வெல்ட் தம் பிரேசில் பயண நூலில் அதற்குக் கொடுத்த கொடூரப் பெயரால் வாங்குபவர்கள் பெருகினார்கள். ஆனால் தன் இனத்தையே கடித்துக் குறைக்கும் அந்த மீனோடு வேறு எதையும் விட முடியாது என்பதால் கூட்டுத் தொட்டியில் அதற்கு இடம் அமையவில்லை.

ஆஸ்கர் உள்ளிட்ட சிக்லிட் குடும்ப மீன்கள் இரைக்காக மட்டுமல்லாமல் இடத்துக்காகவும் சண்டையிடுபவை. ஆஸ்திரிய விலங்கியலாளர் கான்ராட் லோரன்ஸ் இவற்றைத் தொட்டிகளில் நெடுங்காலம் கவனித்தார். 1963இல் ஜெர்மன் மொழியில் வெளிவந்த, ஆக்கிரமிப்புக் குணம் பற்றிய அவருடைய நூல் ஒரு வினோதத்தைப் பதிவுசெய்தது. சிக்லிட் இணை ஒன்றைத் தனியாக ஒரு தொட்டியில் விட்டால், சண்டையிட அண்டை மீன் இல்லாததால் ஆண் தன் பெண்ணையே கொல்லப் போகும். பக்கத்தில் எதிரி ஒன்று கண்ணில் படும்படி இருந்தால் கோபம் அதன்மேல் திரும்பிக் குடும்பம் நிலைக்கும். இரண்டு அல்லது மூன்று மூர்க்க மீன்களை வைப்பதைவிட ஆறு ஏழு மீன்களை வைப்பது பாதுகாப்பு என்று வளர்ப்பவர்கள் பின்னால் கண்டுகொண்டதும் இதன் இன்னொரு முகம். எண்ணிக்கை கூடினால் அடி ஒரே மீன்மேல் விழாமல் பரவுகிறது. ஆனால் அதற்கேற்ற பெரிய தொட்டியும் வடிகட்டியும் இருந்தால்தான் இந்த வழி பலிக்கும். நெருக்கடியான தொட்டியில் சண்டை குறைந்தாலும் அமோனியா கொன்றுவிடும்.

இரையைப் பற்றிய விதி இதைவிட எளியது. பெரும்பாலான வேட்டை மீன்கள் இரையைக் கடித்துத் துண்டாக்குவதில்லை. வாயைத் திடீரென விரித்து நீரோடு உறிஞ்சி முழுதாக விழுங்குகின்றன. எனவே எது இரை என்பதை அதன் வாயின் அகலம் தீர்மானிக்கிறது. இங்கே நீளத்தைவிட உடலின் உயரம் முக்கியம். 15 செ.மீ. நீளமுள்ள ஒல்லியான மீன் விழுங்கப்படும். அதே நீளத்தில் தட்டு வடிவாக இருக்கும் சில்வர் டாலர் தப்பிக்கும். தென் அமெரிக்காவிலிருந்து வந்த இந்தத் தாவர உண்ணி, பெரிய வேட்டை மீன்களின் தொட்டிகளில் நிரந்தரத் துணையாகிவிட்டதற்கு அழகைவிட அதன் வடிவமே காரணம். இதற்கு நேர் எதிர்முனையில் நிற்பது செவ்வால் கெளுத்தி. சிறு வயதில் கறுப்பும் வெள்ளையும் செவ்வாலுமாக மனத்தைப் பறிக்கும். வளர்ந்தால் ஒரு மீட்டரைத் தாண்டும். தன் உடலில் பாதிக்கு மேற்பட்ட நீளமுள்ள தோழனையும் விழுங்க முயலும் மீன் அது. எந்த வீட்டுத் தொட்டிக்கும் அது பொருந்தாது. ஆனாலும் உலகெங்கும் விரல் அளவில் விற்கப்படுகிறது; இந்தத் தொழிலின் மிகப் பழைய குறையும் இதுவே.

பெரிய வேட்டை மீன்களைச் சேர்த்து வளர்ப்பதை ஒரு கலையாக வளர்த்தெடுத்த பெருமை தென்கிழக்கு, கிழக்கு ஆசியாவுக்கு உரியது. அதன் மையம் ஆசிய அரோவானா. 1840களில் ஐரோப்பிய அறிவியலில் பதிவான இந்த மீன் போர்னியோ, சுமத்ரா, மலாய் தீபகற்பம் ஆகிய இடங்களின் கறுநீர் ஆறுகளில் வாழ்கிறது. மேற்கு கலிமந்தானின் கபுவாஸ் ஆற்றுப் படுகையில் சிவப்பு வகையும், மலேசியாவின் பேராக் மாநிலத்துப் புக்கிட் மேரா ஏரியில் தங்க வகையும் பெயர் பெற்றவை. ஆற்றோர மக்களுக்கு அது முள் நிறைந்த சாதாரண உணவு மீன். பெரிய செதில்களும் இரண்டு தாடி மயிர்களும் மிதந்து செல்லும் நடையும் சீனக் கண்ணுக்கு டிராகனாகத் தெரிந்தபோது அதன் தலையெழுத்து மாறியது. செல்வத்தை ஈர்க்கும் மீன் என்ற பெங் சுயி நம்பிக்கை, சிங்கப்பூர், மலேசியா, தைவான், ஹாங்காங் வணிகர்களின் வரவேற்பறைகளுக்கு அதைக் கொண்டுவந்தது.

1975இல் நடைமுறைக்கு வந்த சைட்டீஸ் உடன்படிக்கை, அழிவபாயத்தில் உள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்துவது. அதன் முதல் பட்டியலில் ஆசிய அரோவானாவும் சேர்ந்தது. ஆற்றில் பிடித்த அரோவானாவை வணிகத்துக்காக எல்லை தாண்டிக் கொண்டுசெல்வது அத்தோடு நின்றது. தடைதான் அதை அரும்பொருளாக்கி மதிப்பை ஏற்றியது என்று இந்த மீனைப் பற்றி 2016இல் வெளியான தம் நூலில் எமிலி வோய்ட் வாதிடுகிறார்; விலை போன போக்கைப் பார்த்தால் மறுப்பது கடினம். பிறகு பண்ணைகள் தோன்றின. அரோவானாவின் ஆண் முட்டைகளையும் குஞ்சுகளையும் ஏறத்தாழ இரண்டு மாதம் வாயிலேயே வைத்துக் காக்கும்; ஓர் ஈற்றில் சில பத்து முட்டைகளே இருக்கும். பண்ணையாளர்கள் மண்குளத்தில் வலை வீசி, வாய் புடைத்த ஆணைப் பிடித்து, மஞ்சட்கருப் பை தொங்கும் குஞ்சுகளை மெல்ல வெளியே எடுக்கிறார்கள். 1990களின் நடுவிலிருந்து பதிவுபெற்ற பண்ணைகளில் இரண்டாம் தலைமுறையாகப் பிறந்த மீன்கள், உடலில் நுண்சில்லும் கையில் சான்றிதழுமாக வெளிநாடு போகத் தொடங்கின. அமெரிக்காவில் அந்த மீனுக்கு இன்றும் அனுமதி இல்லை.

விலை உயர்ந்த ஒரு மீனைப் பெரிய தொட்டியில் தனியாக விடுவதா என்ற எண்ணத்திலிருந்து துணை தேடும் பழக்கம் பிறந்தது. அரோவானா நீர்மட்டத்துக்கு உரிய மீன். வெள்ளக் காடுகளில் கிளையிலிருக்கும் பூச்சியையும் பல்லியையும் துள்ளிப் பிடிப்பதற்காக மேல்நோக்கித் திறந்த வாய் அதற்கு. (கனமான மூடியில்லாத தொட்டியில் வளர்ந்த அரோவானாக்கள் பல தரையில் விழுந்தே செத்திருக்கின்றன.) அது மேல்தளத்தைக் காவல் காக்கும், கீழே நடப்பதைப் பெரிதாகப் பொருட்படுத்தாது. எனவே துணை மீன்கள் நடுத்தளத்திலும் அடித்தளத்திலும் வாழ்பவையாக இருக்க வேண்டும், அதன் வாயில் அடங்காதவையாக இருக்க வேண்டும், நிறத்திலும் வடிவிலும் இன்னொரு அரோவானாவை நினைவூட்டாதவையாக இருக்க வேண்டும். இந்த மூன்று நிபந்தனைகளையும் நிறைவேற்றும் மீன்களைத் தேடித்தான் இந்த வளர்ப்பாளர்கள் மூன்று கண்டங்களின் ஆறுகளை ஒரே தொட்டிக்குள் கொண்டுவந்தார்கள்.

நடுத்தளத்துக்கு வந்தது சயாமியப் புலி மீன். மஞ்சள் உடலில் கறுப்புப் பட்டைகள் கொண்ட இது அசையாமல் சாய்ந்து நின்று இரைக்காகக் காத்திருக்கும். அரோவானாவின் ஓயாத நீச்சலுக்குக் குறுக்கே வராது. தாய்லாந்தின் சாவோ பிரயா ஆற்றில் ஒரு காலத்தில் சாதாரணமாகக் கிடைத்த அந்த மீன் அங்கே இப்போது இல்லாமலே போய்விட்டது. உணவுக்கான மீன்பிடி, அணைகள், தொட்டி வணிகம் மூன்றுக்கும் அதில் பங்குண்டு. அடித்தளத்துக்கு ஆப்பிரிக்காவிலிருந்து பிச்சிர் வந்தது. நெப்போலியனின் எகிப்துப் படையெடுப்போடு சென்ற ஜெஃப்ரா செயின்ட் ஹிலேர் நைல் நதியில் கண்டு 1802இல் விவரித்த மீன் அது. நுரையீரல் போன்ற காற்றுப்பை உடையது என்பதால் மீன் குலத்தின் தொன்மையை விளக்கும் என்று நம்பப்பட்டது. அதன் முட்டையைத் தேடி ஆப்பிரிக்காவுக்குத் திரும்பத் திரும்பப் போன ஆங்கிலேய விலங்கியலாளர் ஜான் சாமுவேல் பட்ஜெட் கடைசியில் முட்டைகளோடு திரும்பி, 1904இல் நோயில் இறந்தார். தொட்டியில் அதன் சிறப்பு வேறு: கடினமான செதில் கவசமும் இரவில் தரையில் ஊர்ந்து மேயும் குணமும் கொண்டது என்பதால் மேலே உள்ளவற்றோடு அதற்குப் பகை வருவது அரிது.

அடித்தளத்தின் அரசன் தென் அமெரிக்க நன்னீர்த் திருக்கை. மோட்டோரோ திருக்கையும், ஷிங்கு ஆற்றில் மட்டும் வாழும் கறுப்புத் திருக்கையும் இதில் முதன்மையானவை. பெல்ஜிய மன்னர் மூன்றாம் லியோபோல்டின் பெயரால் 1970இல் அறிவியல் பெயர் பெற்றது இரண்டாவது. மேலே அரோவானா, கீழே திருக்கை என்ற இணைப்பு 6 அடித் தொட்டியை 8 அடியாகவும் 10 அடியாகவும் நீட்டியது. திருக்கைக்கு வேண்டியது உயரமல்ல, தரைப்பரப்பு. வட்ட உடல் அரை மீட்டர் வரை விரியும். அதோடு சேரக் கூடாதது எது என்பதும் அனுபவத்தில்தான் தெரிந்தது. கண்ணாடியில் படியும் பாசியைத் தின்பதற்காக விடப்படும் ‘டேங்க் கிளீனர்’ கெளுத்தி இரவில் திருக்கையின் முதுகில் ஒட்டிக்கொண்டு அதன் வழுவழுப்பை உறிஞ்சும். புண்ணாகித் திருக்கை இறக்கும். எந்த வேட்டைக் குணமும் இல்லாத ஒரு மீன், வேட்டை மீனைக் கொல்லும் துணையாக முடிந்த இந்த நிகழ்வு, பொருத்தம் என்பதை வாய் அளவை மட்டும் வைத்து முடிவுசெய்ய முடியாது என்பதைக் காட்டியது.

1980களின் நடுவில் தைவானில் சிக்லிட் கலப்பினமாக உருவாக்கப்பட்ட இரத்தக் கிளி மீன் இந்தக் குடும்பத்துக்கு ஆசியாவின் சொந்தப் பங்களிப்பு. அதன் வாய் பிறவிக் குறையால் சரியாக மூடாது, கடிக்க இயலாது. உருண்டை உடலை அரோவானாவால் விழுங்க முடியாது. கீழே விழும் மிச்ச உணவைத் தின்று தொட்டியைச் சுத்தமாக்கும், சிவப்பு நிறம் வேறு மங்கலம். குறையுள்ள உடலோடு ஒரு மீனை வேண்டுமென்றே உருவாக்கலாமா என்ற எதிர்ப்பு மேற்கில் கடுமையாக எழுந்தது, அது நியாயமானதும்கூட. 1990களின் பிற்பகுதியில் மலேசியாவில் பிறந்த ஃபிளவர்ஹார்ன் இதற்கு நேர் மாறு. நெற்றி புடைத்த அந்தக் கலப்பினம் எந்தத் துணையையும் ஏற்காது. தனித் தொட்டியில்தான் வளரும்.

அரோவானாவின் கண் ஒன்று கீழ்நோக்கிச் சரியும் குறை தொட்டி வளர்ப்பில் அடிக்கடி வருவது. கீழே நடமாடும் துணைகளையும் மூழ்கும் உணவையும் நோக்கியே இருப்பதால் வருகிறது என்று வளர்ப்பவர்களில் ஒரு சாரார் நம்புகிறார்கள். அதற்காக நீரின் மேலே மேசைப்பந்து ஒன்றை மிதக்கவிட்டு மீனின் பார்வையை மேலிழுக்க முயல்வதும் உண்டு. உணவு விஷயத்தில் நிகழ்ந்த மாற்றம் இதைவிட உறுதியானது. முன்பு உயிருள்ள தங்கமீன்களைப் போடுவது வழக்கமாக இருந்தது. தங்கமீனில் வைட்டமின் பி1ஐச் சிதைக்கும் நொதி இருக்கிறது என்பதும், அதனோடு நோயும் வருகிறது என்பதும் தெரிந்த பின் மிதக்கும் உருண்டைத் தீவனத்துக்கு மீன்களைப் பழக்கினார்கள். நீந்தும் உருவத்தை இரையாகக் காணும் பழக்கம் மங்கியதில் கூட்டுத் தொட்டிகளின் அமைதியும் கூடியது.

தமிழ்நாட்டுக் குளங்களில் வேட்டை மீன் என்றால் விரால், குறவை, வாளை. கெண்டை வளர்க்கும் குளத்தில் இவற்றுக்கு இடமில்லை. குஞ்சு விடுவதற்கு முன் இலுப்பைப் பிண்ணாக்கைக் கரைத்து இவற்றை அகற்றுவது இந்திய மீன் வளர்ப்பின் வழக்கமான முறை: ஒரு மீட்டர் ஆழமுள்ள குளத்துக்கு ஹெக்டேருக்கு 2,500 கிலோ. பிண்ணாக்கில் உள்ள சப்போனின் மீன்களைக் கொல்லும், பிறகு அதுவே குளத்துக்கு உரமாகும். வேட்டை மீனைப் பிரித்து வைக்கும் இந்த மரபுள்ள நாட்டில், அவற்றைச் சேர்த்து வைக்கும் பழக்கம் வண்ண மீன் வணிகத்தின் வழியே வந்தது. சென்னை கொளத்தூர் அந்த வணிகத்தின் பெரிய மையங்களில் ஒன்று. பெங் சுயி மீன் இங்கே வாஸ்து மீனாயிற்று. ஆசிய அரோவானாவின் விலை எட்டாதவர்களுக்குத் தென் அமெரிக்க வெள்ளி அரோவானா மாற்றாயிற்று. அது ஆசிய இனத்தைவிட நீளமாக, ஏறத்தாழ மூன்று அடி வளர்வது. 4 அடித் தொட்டியில் திரும்பக்கூட முடியாது. தொட்டியின் அகலம் குறைந்தது மீனின் முழு வளர்ச்சி நீளத்துக்கு இணையாக வேண்டும் என்பது பெரிய மீன் வளர்ப்பின் அடிப்படைக் கணக்கு.

கணக்குத் தவறிய மீன்களில் பல ஆற்றிலோ ஏரியிலோ போய்ச் சேர்ந்தன. புளோரிடாவின் கால்வாய்களில் ஆஸ்கர் 1950களின் பிற்பகுதியிலிருந்தே பெருகியது. சிங்கப்பூர் நீர்த்தேக்கங்களில் மோட்டோரோ திருக்கை குடியேறிவிட்டது. 2018 ஆகஸ்ட் வெள்ளத்துக்குப் பின் கேரள ஆறுகளில் அமேசானின் அராபைமாவும் வட அமெரிக்காவின் அலிகேட்டர் காரும் வலையில் சிக்கின. வளர்ப்பிடங்களின் குளங்கள் உடைந்ததில் வெளியேறியவை அவை. 2023இல் காஷ்மீரின் தால் ஏரியிலும் ஓர் அலிகேட்டர் கார் பிடிபட்டது. இரண்டு மீட்டரைத் தாண்டக்கூடிய அந்த மீனும் சாண் நீளத்தில் விற்கப்படுவதுதான்.

மறுபக்கம், பெரிய வேட்டை மீன்களில் பலவற்றுக்கு ஆற்றிலிருந்து பிடிப்பது இன்று முதன்மையான வழி அல்ல. ஆசிய அரோவானா சிங்கப்பூர், மலேசியா, இந்தோனேசியப் பண்ணைகளிலிருந்து வருகிறது. திருக்கைகள் தைவானிலும் தாய்லாந்திலும் தொட்டியிலேயே குட்டி போடுகின்றன. கறுப்புத் திருக்கை உள்ளிட்ட ஏழு பிரேசில் நன்னீர்த் திருக்கை இனங்களை, 2022 நவம்பரில் பனாமா நகரில் நடந்த சைட்டீஸ் மாநாடு இரண்டாம் பட்டியலில் சேர்த்தது. அதன்பின் அவற்றை எல்லை தாண்டி விற்க, பண்ணையில் பிறந்தவையானாலும் ஆற்றில் பிடித்தவையானாலும், அரசின் ஏற்றுமதி ஆவணம் கட்டாயமாயிற்று.